ஒரு வரித் திருத்தம்

பெஹாலா, கல்கத்தா
12 ஜூன் 1978

அன்புள்ள அத்தானுக்கு, அன்னம் எழுதிக்கொண்டது.

நானும் மாமாவும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. நான் நலம். மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிகிறது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, இனி ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்கிறார் டாக்டர். உங்களைப் பெற்றவரைப் பற்றி உங்களுக்கு நான் சேதி சொல்லவேண்டியிருக்கிறது, பாருங்கள்.

பத்திரிகை வந்தது. லேக் மார்க்கெட்டில் மருதமுத்து அண்ணன் தன் மளிகைக் கடையில் அப்பளக் கட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். "தங்கச்சி, இந்த வாரம் நீ கேதார்நாத்துல இருக்க" என்று சொல்லிக் கொடுத்தார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உங்கள் பயணத் தொடரில் வருகிற கமலம் நான்தான் என்று இந்த ஊர்த் தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். உங்களோடு குதிரையில் ஏறி, குளிரில் பல் கிட்டிக்க, சமயம் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை பேசுகிற கமலம். கொடுத்துவைத்தவள். எனக்கு ஹௌரா பாலத்தைத் தாண்டியே வருஷக்கணக்காகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு முன்னால் நான் ஒரு வரி பார்த்துவிடக் கூடாது. பார்த்திருந்தால் குரலில் கண்டுபிடித்துவிடுகிறார். "ஏட்டி, எச்சில் பண்ணிட்டியா?" என்கிறார். மடித்த இதழை அவர் கையில் கொடுத்து, அவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். மகன் எழுத்து அவருக்கு நைவேத்தியம் மாதிரி.

கேட்டு முடித்துவிட்டு, "நல்லா எழுதிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டூன் எக்ஸ்பிரஸ் இன்னைக்கு நேரத்துக்கு வந்திருக்குமா?" என்று கேட்டார். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதியே ஆயுசைக் கழித்தவர், அதனால் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தினமும் அந்த ஒரு வண்டியை மட்டும் கேட்கிறார். மலைப்பக்கத்திலிருந்து நீங்கள் வந்தால் அதில்தான் வரவேண்டும்.

வருகிறீர்களா?

அன்னம்

அல்மோரா
30 ஜூன் 1978

அன்புள்ள அன்னம்,

உன் கடிதத்தை தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். நீ எழுத்தாளராகியிருக்க வேண்டியவள். என்னைவிடக் குறைவான சொல்லில் என்னைவிட ஆழமாகக் குத்துகிறாய்.

கமலத்தின்மேல் கோபப்படாதே. தனியாக அலைகிறவன் கதையை யார் படிப்பார்கள்? முதல் இரண்டு அத்தியாயம் நான் மட்டும்தான் போனேன். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பட்டாபி எழுதினான். (பட்டாபியை உனக்குத் தெரியுமே, உதவி ஆசிரியர், நம் கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டவன்.) மூன்றாவது அத்தியாயத்தில் உன்னை ஏற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உன்னை விட்டுவிட்டு வந்த உறுத்தலில்தான் ஏற்றிக்கொண்டேன். மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் நீ பேசுவது எனக்கு நிஜமாகவே கேட்கிறது.

ஊர் சுற்றுகிறவன் எதையும் பார்ப்பதில்லை, அன்னம். செருப்புக் கடியையும் பஸ் நேரத்தையும் நினைத்துக்கொண்டு போகிறான். பேனாவை எடுக்கும்போதுதான் மலை கண்ணில் படுகிறது. அதிலும் வாரத் தொடர்க்காரன் பாடு இருக்கிறதே, அவனுக்கு இன்று என்பதே கிடையாது. நான் எழுதியது தபாலில் மதராஸ் போய், அச்சேறி, உன் கைக்கு வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. எல்லாவற்றையும் முந்தி எழுதி முந்தி அனுப்பவேண்டும். பொங்கல் கட்டுரை எழுதும்போது தீபாவளி வெடித்துக்கொண்டிருக்கும். பழகிவிட்டது.

துர்கா பூஜைக்கு வந்துவிடுவேன். அப்பாவிடம் சொல்.

உன்
சங்கரன்

பெஹாலா
24 ஜூலை 1978

அத்தானுக்கு,

தந்தி கிடைத்ததா இல்லையா? கிடைத்தது என்றால் முதல் தந்தியா, இரண்டாவதா?

மாமா குளியலறையில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்து வீட்டு மாஷிமாவின் மகன்தான் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் கையை விரித்தார். உடனே 'அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்று கொடுத்தேன். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். 'அபாயம் நீங்கியது' என்று மறு தந்தி கொடுத்தேன். அதை ஏன் கொடுத்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

நினைவு வந்ததும் அவர் கை என் கையைத்தான் பிடித்தது. தடவிப் பார்த்தார். வளையல் தட்டுப்பட்டதும் விட்டுவிட்டார்.

அன்னம்

அல்மோரா
8 ஆகஸ்டு 1978

அன்புள்ள அன்னம்,

முதல் தந்தி வந்தபோது நான் மேலே ஒரு சிற்றூரில் இருந்தேன். உடனே கிளம்பினேன், நம்பு. பாதி வழியில் மலை சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஒரு தகரக் கொட்டகையில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மழை. அங்கே உட்கார்ந்து, அப்பா போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். அழுதேன். அழுதுகொண்டே எழுதினேன். அன்னம், என் வாழ்நாளில் அப்படி எழுதியது கிடையாது. ஒரு வார்த்தை அடிக்கவில்லை. ரோடு திறந்ததும் முதல் வேலையாக அதைத் தபாலில் போட்டேன். பட்டாபிக்கு, 'நான் சொல்லும்வரை வைத்திரு' என்று குறிப்போடு. அது கையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

கீழே வந்தால் உன் இரண்டாவது தந்தி. தெருவென்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. சரி, அபாயம் நீங்கியது என்கிறாளே, தொடரை முடித்துவிட்டு ஒரேயடியாகப் போவோம் என்று திரும்பிவிட்டேன். நீ திட்டுவாய். திட்டு.

பூஜைக்கு நிச்சயம்.

சங்கரன்

பெஹாலா
5 செப்டம்பர் 1978

அன்புள்ள அத்தானுக்கு,

திட்டவில்லை. மாமா சொல்லச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் பூஜைக்கு வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து மனுஷர் ஆளே மாறிவிட்டார். நாவிதரை வரவழைத்து முகம் வழித்துக்கொண்டார். உங்கள் கட்டிலைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். "வந்தா வாசிக்க வேண்டாம்னு சொல்லு. வாயால சொல்லட்டும். மலை எப்படி இருக்கு, என்ன தின்னான், யாரோட சண்டை போட்டான், அது போதும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது. அவர் அப்பா திருநெல்வேலியில் கிடையாகக் கிடந்தபோது மாமா யார்டில் வேலையில் இருந்தாராம். லீவு கேட்கக் கூச்சம், புது வேலை. தந்தி வந்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது பத்தாம் நாள் காரியம் முடிந்திருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் கையால்தான் அவருக்குக் கடைசித் தண்ணீர். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ட்டி. அவன் கையால ஒரு வாய் தண்ணி. எனக்கு அது கிடைச்சுட்டா எங்கப்பாவுக்கும் கிடைச்ச மாதிரி" என்றார்.

பெரியவர் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. புறப்பட்டு வாருங்கள்.

அன்னம்

டெல்லி
26 செப்டம்பர் 1978

அன்புள்ள அன்னம்,

அவசரமாக எழுதுகிறேன். டெல்லிவரை வந்துவிட்டேன். இங்கே யமுனை ஊருக்குள் வந்துபோன சேறு இன்னும் காயவில்லை. நடுவில் தபால் எல்லாம் குழம்பி, நான் அனுப்பிய இரண்டு அத்தியாயம் மதராஸ் போய்ச் சேரவில்லை என்று பட்டாபி தந்தி அடித்திருக்கிறான். அவற்றை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். போன ஊருக்கே மறுபடி போகிற மாதிரி ஒரே அலுப்பு.

அதோடு இங்கே ஒரு பதிப்பாளர் தொடரைப் புத்தகமாக்குகிறேன் என்கிறார். லடாக்கையும் சேர்த்தால் கனமாக இருக்கும் என்கிறார். பனி விழுவதற்குள் ஒரு நடை போய்வந்துவிட்டால் தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன். பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது? அப்பா புரிந்துகொள்வார். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க எனக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது என்று சொல்.

சங்கரன்

பெஹாலா
20 அக்டோபர் 1978

அத்தானுக்கு,

மழையில் இங்கே வீட்டுக்குள் கட்டில் கால் முழுகத் தண்ணீர். வண்டி இல்லை, தபால் இல்லை, பத்திரிகையும் இல்லை. எல்லாம் வடிந்து, பூஜையும் முடிந்த பிறகு, மருதமுத்து அண்ணன் விடுபட்ட இதழ்களைக் கட்டாக அனுப்பினார். மேலே இருந்ததை மாமா கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். நான் பிரித்தேன்.

தலைப்பை வாசித்தேன். 'அப்பா போனார்.'

உங்கள் தாத்தாவைப் பற்றி மாமா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், அத்தான். அந்தச் சந்தோஷத்தில் மளமளவென்று வாசித்துக்கொண்டு போனேன். பெஹாலா வீடு என்று வந்தது. சாந்த்ராகாச்சி யார்டு என்று வந்தது. கமலம் கதறினாள் என்று வந்தது. அங்கே என் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

"கண்ணு மறைக்கு, மாமா. அப்புறம் வாசிக்கேன்."

"வாசி. எச்சில் பண்ணாத."

பக்கத்தைத் தாண்டலாமா, நானே எதையாவது சொல்லலாமா என்று பார்த்தேன். எனக்கு உங்களை மாதிரி இல்லாததைச் சொல்ல வரவில்லை. வாசித்தேன். தந்தி கண்டு நீங்கள் ஓடி வந்தது, அப்பா கட்டிலருகே இரண்டு இரவு உட்கார்ந்தது, வெள்ளித் தம்ளரில் கங்கைத் தண்ணீரை எடுத்து உதட்டில் விட்டது, அவர் கண் உங்களைத் தேடி வந்து உங்களிடமே நின்றது. முழுக்க வாசித்தேன். நம் வீட்டில் வெள்ளித் தம்ளர் எப்போது இருந்தது? கண் தெரியாத மனுஷர் கண் எப்படித் தேடும்?

"அந்தத் தண்ணி விட்ட எடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன்.

"தொண்டையில எறங்குச்சா?"

"எறங்குச்சுன்னு எழுதிருக்கு, மாமா."

இதழைக் கேட்டு வாங்கி மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு, "நல்லா எழுதிருக்கான்" என்றார்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதழ் வந்ததும் கல்கத்தாத் தமிழர் பாதிப்பேர் படித்துவிட்டார்களே. துஷ்டி கேட்க வந்தவர்களை வாசலிலேயே மறித்துச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டது. நம் ஊர்ச் சுப்பம்மாள் மதினியை மறிக்க முடியவில்லை. வாசற்படியிலேயே தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, "என்னைப் பெத்த அண்ணாச்சி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்து மாமா கூப்பிட்டார். "யாரு, சுப்பம்மாளா? உள்ள வா. நான் இங்கதான் கெடக்கேன்." மதினி மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள். வேறு சமயமாக இருந்தால் நானும் மாமாவும் சிரித்து உருண்டிருப்போம். மாமா சிரிக்கத்தான் செய்தார். நான்தான் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உங்கள் பெயருக்குக் கடிதங்களும் வருகின்றன. 'அருகிலிருந்து அனுப்பிவைக்கக் கொடுத்துவைத்த மகன்' என்று எழுதுகிறார்கள். நேற்று மாமாவிடம், அத்தானுக்குத் தந்தி கொடுக்கட்டுமா, உடனே வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? அவன்தான் வந்துட்டுப் போயிட்டான்லா" என்றார்.

அதன் பிறகு டூன் எக்ஸ்பிரஸைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அன்னம்

மதராஸ்
30 அக்டோபர் 1978

அன்புள்ள அன்னம்,

உன் கடிதத்தை டெல்லி லாட்ஜில் வாங்கினேன். அதை எப்படிப் படித்தேன் என்று எழுதப்போவதில்லை. எழுதி எழுதித்தான் இந்த நிலைமை.

பட்டாபியின் சட்டையைப் பிடித்தேன். 'சொல்லும்வரை வைத்திரு' என்றல்லவா எழுதினேன்? அவன் கைகூப்புகிறான். என் அத்தியாயம் வராமல் மூன்று பக்கம் வெள்ளையாக நின்றதாம். அவன் லீவில் இருந்தானாம். வேறு யாரோ இழுப்பறையைத் திறந்து எடுத்துவிட்டார்கள். குறிப்பு கழன்று விழுந்துவிட்டதாம். யாரைச் சொல்லி என்ன? எழுதியது நான். அந்தத் தகரக் கொட்டகையில் எனக்குத் தோன்றியதெல்லாம், அப்பா பக்கத்தில் நான் இல்லையே என்பதுதான். அந்த வலி தாங்காமல், பக்கத்தில் நான் இருப்பதாக எழுதினேன். எழுதி முடித்ததும் வலி குறைந்துவிட்டது, அன்னம். அதுதான் பாவம் என்று இப்போது தெரிகிறது. எழுதித் தீர்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், இரண்டாவது தந்தியைப் பார்த்த பிறகும் ஓடி வந்திருப்பேன்.

நேரே கல்கத்தா வராமல் மதராஸுக்கு ஏன் வந்தேன் என்று கேட்பாய். வெறுங்கையோடு அப்பா முன்னால் எப்படி நிற்பேன்? அச்சில் வந்ததை அச்சில்தான் அழிக்கவேண்டும். ஆசிரியர் மறுப்புப் போட மாட்டேன் என்றார். ஊரே அழுத கட்டுரையைப் பொய் என்றால் பத்திரிகைக்கு மானம் போய்விடும் என்றார். அவரோடு தினம் மல்லுக்கட்டி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். 23 நவம்பர் இதழில் வருகிறது. 'என் தந்தை நலமாக இருக்கிறார், நான் அவர் அருகில் இருக்கவில்லை' என்று என் கையெழுத்தோடு. முதல் பிரதியை நானே எடுத்துக்கொண்டு ஹௌரா மெயிலில் ஏறுவேன். நானே அப்பாவுக்கு வாசிப்பேன். எச்சில் படாமல்.

அதுவரை அவரைப் பார்த்துக்கொள்.

சங்கரன்

பெஹாலா
12 நவம்பர் 1978

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மாமாவுக்கு வாசித்தேன். தீபாவளிக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஊட்டப் போனால், "செத்தவனுக்கு என்னத்துக்குட்டி சோறு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம் இல்லை, விளையாட்டுப் போலத்தான் சொல்வார். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்.

"என்ன போடப்போறானாம்?" என்று கேட்டார்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு, மாமா."

"எப்ப?"

"இருபத்து மூணாம் தேதி."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமாக்கும்" என்றார்.

இருக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் தண்ணீர் கேட்டார். எவர்சில்வர் தம்ளரில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். தலையை மடியில் எடுத்து வைத்து, உதட்டில் விட்டேன். கையைத் தடவிப் பார்த்தார். இந்தத் தரம் வளையல் தட்டுப்பட்டும் விடவில்லை. தண்ணீர் இறங்கவில்லை, அத்தான். கடைவாய் வழியாக வழிந்து என் சேலையை நனைத்தது. நான் கதறவில்லை. கதறுகிறவள் கமலம்.

மருதமுத்து அண்ணன் கடையை அடைத்துவிட்டு எல்லாருக்கும் ஆள் அனுப்பினார், டெலிபோன் செய்தார். "நெசமாத்தானா?" என்று கேட்டார்களாம். ஒரு தரம் மாலையோடு வந்து வெட்கப்பட்டுத் திரும்பியவர்கள் இந்தத் தரம் யோசித்தார்கள். சாயங்காலம் வரை பார்த்தோம். சுப்பம்மாள் மதினி மட்டும் வந்தாள். அவளும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மாஷிமாவின் மகனும் தெருப் பையன்களும் தூக்கினார்கள். ஒருவன், "சேலே நேய்?" என்று கேட்டான். மகன் இல்லையா என்று. இருக்கிறார், மதராஸில் வேலையாக இருக்கிறார் என்றேன். மருதமுத்து அண்ணன் கொள்ளி வைத்தார்.

உங்களுக்குத் தந்தி கொடுக்க அண்ணன் கிளம்பினார். நான்தான் வேண்டாம் என்றேன். தந்தி கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து எழுதுவீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்கு என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். சாவி மாஷிமாவிடம் இருக்கிறது. கட்டில் இரண்டும் போட்டபடியே கிடக்கின்றன.

மறுப்பு இனி வேண்டாம் என்று பட்டாபியிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதினது நிஜமாகிவிட்டது. வெள்ளித் தம்ளர், கங்கைத் தண்ணீர் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், யார் வந்து கேட்கப்போகிறார்கள். ஆசிரியரோடு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள், ஏதாவது போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு வரிக்குத் திருத்தம் போடச் சொல்லுங்கள். கடைசித் தண்ணீர் விட்டது மகன் இல்லை.

அன்னம்